அரசு தரும் எண் மட்டும் உண்மை, அரசு தரும் விளக்கம் மட்டும் பொய்யா? தடுப்பூசிப் பாதுகாப்பும் பாதி நம்பிக்கையும்

"தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகு இத்தனை ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள், இது நான் சொல்வதல்ல, அரசாங்கத்தின் தரவிலேயே இருக்கிறது" என்று ஒருவர் எழுதுகிறார். அவர் காட்டும் எண் பெரும்பாலும் புனைந்தது அல்ல. அரசு நடத்தும் தரவுத்தளத்தில் அது உண்மையிலேயே இருக்கும். ஆனால் அதே தரவுத்தளத்தை நடத்தும் நிறுவனம் அந்த அறிக்கைகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பு தென்படவில்லை என்று அறிவித்தால், "மருந்து நிறுவனங்களுக்கு விலைபோனவர்கள் வேறென்ன சொல்வார்கள்" என்று அதே நபர் தள்ளிவிடுகிறார்.

இதை இக்கட்டுரையில் பாதி நம்பிக்கை என்று அழைப்போம். ஒரே நிறுவனம் தரும் தகவல்களில் தன் கருத்தோடு ஒத்துப்போவதை மட்டும் ஏற்றுக்கொண்டு, ஒத்துப்போகாததை அந்த நிறுவனத்தின் யோக்கியதையையே காரணம் காட்டி மறுப்பது என்பது இதன் பொருள். முரண்பாடு என்று சிரித்துவிட்டு நகர்வது எளிதுதான். ஆனால் இதன் பின்னால் பாதியளவு நியாயமான ஒரு தர்க்கமும் இருக்கிறது. அது எந்த இடத்தில் சரி, எந்த இடத்தில் இடறுகிறது என்று அறிய, முதலில் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

புகாரும் விசாரணையும்

காவல் நிலையத்தில் ஒரு புகார்ப் பதிவேடு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். கொடுக்கும்போதே நிரூபிக்க வேண்டியதில்லை. ஒரு தெருவிலிருந்து ஓராண்டில் நூறு திருட்டுப் புகார்கள் வந்தால், அங்கே நூறு திருட்டுகள் நடந்தன என்று உடனே சொல்லிவிட முடியாது. சிலர் பொருளை வேறிடத்தில் வைத்து மறந்திருப்பார்கள், ஒரே திருட்டை இருவர் தனித்தனியாகப் புகார் செய்திருப்பார்கள், திருட்டுக் கொடுத்தும் புகாரே செய்யாதவர்களும் இருப்பார்கள். பதிவேட்டின் வேலை விசாரணையைத் தொடங்கி வைப்பது. அதிலுள்ள எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, விசாரணையின் முடிவை "காவலர்கள் பொய்யர்கள்" என்று ஒதுக்குபவர், பதிவேட்டையும் அதே காவலர்கள்தான் எழுதினார்கள் என்பதை மறந்துவிடுகிறார்.

தடுப்பூசிகளுக்கும் இத்தகைய பதிவேடுகள் உண்டு. பிரிட்டனில் 'மஞ்சள் அட்டை' என்னும் முறை 1964-இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 'வேர்ஸ்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் முறையை, நோய்க் கட்டுப்பாட்டு மையமும் (சி.டி.சி.) உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் (எஃப்.டி.ஏ.) சேர்ந்து 1990 முதல் நடத்துகின்றன. உலகெங்கும் விவாதங்களில் அதிகமாக எடுத்துக்காட்டப்படுவது இந்த வேர்ஸ் எண்தான். அதன் தரவை எவரும் பதிவிறக்கிப் பார்க்கலாம் என்பதே அதற்கு முக்கியக் காரணம்.

பதிவேட்டில் எவை சேர்கின்றன

இத்தகைய பதிவேட்டில் சேர்வதைப் பாதக நிகழ்வு என்பார்கள். தடுப்பூசி போட்ட பிறகு ஒருவருக்கு ஏற்படும் எந்த உடல்நலக் கேடும், அதற்குக் காரணம் எதுவாக இருந்தாலும், பாதக நிகழ்வுதான். பக்கவிளைவு என்பது வேறு: தடுப்பூசியால்தான் ஏற்பட்டது என்று நிறுவப்பட்ட கேட்டை மட்டுமே அப்படிச் சொல்ல வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் முக்கால் பங்குக்கு வேர் என்பது என் கருத்து.

வேர்ஸ் முறையில் மருத்துவர், செவிலியர், நோயாளி, உறவினர் என யாரும் அறிக்கை அளிக்கலாம். தடுப்பூசிக்கும் நிகழ்வுக்கும் தொடர்பு உண்டா என்று முன்கூட்டியே வடிகட்டுவதில்லை. தடுப்பூசி தன்னைக் காமிக்ஸ் கதையில் வரும் பச்சை நிறப் பேருருவ மனிதனாக மாற்றிவிட்டது என்று ஒரு மருத்துவர் சோதனைக்காகவே அறிக்கை அனுப்ப, அதுவும் பதிவாகிவிட்டது. பிறகு ஊழியர்கள் அவரைத் தொடர்புகொண்டு பேசி, அவர் சம்மதத்தோடுதான் அதை நீக்கினார்கள். இந்தத் தளர்வு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. வாசலிலேயே வடிகட்டினால், இதுவரை யாரும் எதிர்பாராத ஓர் ஆபத்து உள்ளே வராமலே போய்விடும்.

கோவிட் காலத்தில் இந்த வாசல் மேலும் அகலமானது. அவசர அனுமதியின் கீழ் கோவிட் தடுப்பூசி போட்ட மருத்துவப் பணியாளர்கள், அதன் பிறகு நிகழ்ந்த இறப்புகளை, காரணம் எதுவென்று பார்க்காமல், அறிக்கையாக அனுப்பியே தீர வேண்டும் என்று அமெரிக்காவில் விதிக்கப்பட்டது. எண்ணிக்கை ஏன் திடீரென்று உயர்ந்தது என்று வியப்பவர்கள் இந்த விதியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தடுப்பூசி வெறும் தண்ணீராக இருந்தாலும்

பின்னணி விகிதம் என்ற கருத்து புரிந்தால் மீதி எளிது. தடுப்பூசியே இல்லாவிட்டாலும் ஒரு மக்கள்தொகையில் ஒரு நோயோ இறப்போ வழக்கமாக எவ்வளவு நிகழும் என்பதே பின்னணி விகிதம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கோடிப் பேருக்கு ஒரே வாரத்தில் வெறும் தண்ணீரை ஊசியாகப் போடுகிறோம் என்றும், அவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் எப்படியும் இறப்பார் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் இறப்புகள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 274. ஒவ்வொருவருக்கும் ஊசி போட்ட நாளிலிருந்து ஏழு நாளைக் கணக்கெடுத்தால், சுமார் 1,900 பேர் அந்த ஏழு நாளுக்குள் இறந்திருப்பார்கள். தண்ணீர் அவர்களில் ஒருவரையும் கொல்லவில்லை. ஆனால் ஊசி போட்ட மூன்றாம் நாளில் தந்தையை இழந்த மகனுக்கு அது தற்செயலாகத் தோன்றாது. தோன்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையல்ல. முதியவர்களுக்கு முதலில் ஊசி போடப்பட்டால், இந்த எண் இன்னும் கூடும்.

ஆகவே பதிவேட்டிலுள்ள எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. எத்தனை பேருக்கு ஊசி போடப்பட்டது, அவர்களிடையே இந்த நிகழ்வு வழக்கமாக எவ்வளவு, இப்போது எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்தால்தான் ஒப்பிட முடியும்.

பதிவேடு உண்மையைக் குறைத்தும் காட்டும் என்று விமர்சகர்கள் சொல்வது சரியே. தானாக முன்வந்து அளிக்கும் அறிக்கைகளை நம்பியிருக்கும் எந்த முறையிலும் விடுபடுதல் இருக்கும். ஆனால் கை வலியும் லேசான காய்ச்சலும் விடுபடும் அளவுக்குக் கடுமையான நிகழ்வுகள் விடுபடுவதில்லை. எனவே சிறு தொந்தரவுகள் விடுபடும் அளவை எடுத்து, அதனால் இறப்பு எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவது கணக்காகாது.

இதுவரை பார்த்ததைத் திரட்டினால்: பதிவேடு பாதக நிகழ்வுகளைச் சேர்க்கிறது, அவற்றில் சில பக்கவிளைவுகளாக இருக்கலாம், எவை என்பதைப் பின்னணி விகிதத்தோடு ஒப்பிட்டுத்தான் அறிய முடியும்.

15 அறிக்கைகள் ஒரு தடுப்பூசியை நிறுத்திய விதம்

அப்படியானால் இந்தப் பதிவேடுகள் வெறும் கண்துடைப்பா என்ற கேள்வி எழும். ரோட்டாஷீல்ட் தடுப்பூசிக்கு நேர்ந்ததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது.

குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸுக்கு எதிரான இந்தத் தடுப்பு மருந்துக்கு 1998 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தைய சோதனைகளில், மருந்து பெற்ற சுமார் 10,000 குழந்தைகளில் 5 பேருக்கும், பெறாத சுமார் 4,600 குழந்தைகளில் ஒருவருக்கும் குடல் செருகல் ஏற்பட்டிருந்தது. குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும் நோய் இது. தடுப்பு மருந்து பெறாத கைக்குழந்தைகளுக்கும் வருவதுண்டு. ஐந்துக்கும் ஒன்றுக்கும் உள்ள வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால், அதை வைத்து முடிவுக்கு வர இயலவில்லை. ஆயினும் சந்தேகம் குறித்துவைக்கப்பட்டது.

மருந்து பரவலாகப் பயன்படத் தொடங்கிய பிறகு, 1999 ஜூலைக்குள் வேர்ஸ் பதிவேட்டில் 15 குடல் செருகல் அறிக்கைகள் சேர்ந்தன. லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு மருந்து போய்ச் சேர்ந்திருந்த நிலையில் 15 என்பது மிகச் சிறிய எண்தான். ஆனால் அவை முதல் தவணைக்குப் பிந்தைய சில நாட்களில் குவிந்திருந்தன. தற்செயல் என்றால் அப்படி ஒரே இடத்தில் குவியாது. இத்தகைய குவிதலையோ எதிர்பாராத உயர்வையோ சமிக்ஞை என்பார்கள். அது குற்றத்தை நிரூபிப்பதில்லை. விசாரணை தேவை என்று மட்டும் காட்டுகிறது. சி.டி.சி. அதே மாதம் அந்த மருந்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. தனி ஆய்வுகள் நடத்தப்பட்டன. 1999 அக்டோபரில் மருந்து சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. மருந்து பெற்ற ஏறத்தாழ 10,000 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதல் ஆபத்து இருந்ததாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது.

இதன் விளைவு அடுத்து வந்த மருந்துகளிலும் தெரிந்தது. 2006-இல் முடிவுகள் வெளியான இரண்டு புதிய ரோட்டா தடுப்பு மருந்துகளின் சோதனைகள் ஒவ்வொன்றிலும் 60,000-க்கு மேற்பட்ட குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். 10,000 பேரில் ஒருவருக்கு வரும் கேட்டைக் கண்டுபிடிக்க 10,000 பேரை மட்டும் சோதித்தால் போதாது என்ற பாடத்தை முந்தைய அனுபவம் கற்றுத் தந்திருந்தது. பயன்பாட்டுக்கு வந்த பின் இப்புதிய மருந்துகளிலும் மிகச் சிறிய குடல் செருகல் ஆபத்து தெரியவந்தது. 20,000 முதல் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் அதை சி.டி.சி.யே வெளியிட்டுள்ளது. நோயிலிருந்து கிடைக்கும் பாதுகாப்போடு ஒப்பிட்டு, மருந்து தொடரப்பட்டது.

2021-இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் கோவிட் தடுப்பூசி நிறுத்திவைக்கப்பட்டபோது எண் இன்னும் சிறியது. சுமார் 68 லட்சம் ஊசிகளுக்குப் பிறகு ஆறே அறிக்கைகள் வந்திருந்தன. ஆறிலும், மூளையின் சிரையில் இரத்தம் உறைதலும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைதலும் சேர்ந்தே காணப்பட்டன. மிக அரிதான சேர்க்கை அது. வழக்கமான இரத்த உறைவுக்குத் தரும் ஹெப்பாரின் மருந்து இவர்களுக்குத் தீங்காகலாம் என்பதால், மருத்துவர்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டியிருந்தது. ஏப்ரல் 13-இல் நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. பத்து நாட்களுக்குப் பிறகு எச்சரிக்கையுடன் ஊசி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2022 மே மாதம் அதன் பயன்பாடு கடுமையாகக் குறைக்கப்பட்டது.

ஆறு அறிக்கைகள் ஓர் ஊசியை நிறுத்தின. வேறு இடத்தில் ஆயிரக்கணக்கான அறிக்கைகளுக்குப் பிறகும் ஊசி தொடர்கிறது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது அநீதியாகவே தெரியும். பின்னணி விகிதத்தை அறிந்தவருக்கு இரண்டும் ஒரே முறையின் முடிவுகள் என்று விளங்கும்.

"ஒப்புக்கொண்டால் உண்மை, மறுத்தால் பொய்"

இப்போது பாதி நம்பிக்கைக்குப் பின்னாலுள்ள தர்க்கத்துக்கு வரலாம். அதை அதன் வலுவான வடிவிலேயே சொல்ல வேண்டும்: தடுப்பூசித் திட்டம் வெற்றி பெற வேண்டும் என்பது சுகாதாரத் துறையின் விருப்பம், ஆகையால் 'பாதுகாப்பானது' என்று அது சொல்வதைச் சற்று ஐயத்தோடும், 'கேடு உண்டு' என்று தன் விருப்பத்துக்கு எதிராகச் சொல்வதைக் கூடுதல் நம்பிக்கையோடும் கேட்க வேண்டும். இந்த வாதம் முட்டாள்தனமானது அல்ல. தன் நலனுக்கு எதிராக ஒருவர் சொல்வதற்குக் கூடுதல் எடை தருவது அன்றாட அறிவு.

ஆனால் இந்த வாதம் மூன்று இடங்களில் வரம்பு மீறுகிறது.

முதலாவதாக, பதிவேட்டிலுள்ள எண் ஒப்புதலே அல்ல. அந்த அறிக்கைகளை எழுதியது பொதுமக்களும் மருத்துவர்களும். நிறுவனம் அவற்றை வாங்கி வெளியிட்டிருக்கிறது, அவ்வளவுதான். 'அரசே ஒப்புக்கொண்டது' என்ற வாசகம், புகார்ப் பதிவேட்டைக் காட்டிக் காவல் நிலையமே குற்றத்தை ஒப்புக்கொண்டது என்று சொல்வதற்கு நிகர்.

இரண்டாவதாக, உண்மையான ஒப்புதல் எப்போதும் ஓர் அளவோடு வருகிறது. எம்.ஆர்.என்.ஏ. வகைக் கோவிட் தடுப்பூசிகள் சிலருக்கு இதயத் தசை அழற்சியை உண்டாக்குகின்றன என்பது உறுதியான உண்மை, எஃப்.டி.ஏ. 2021 ஜூன் மாதமே அந்த எச்சரிக்கையைத் தடுப்பூசித் தகவல் ஏட்டில் சேர்த்தது. அது பெரும்பாலும் இளம் ஆண்களிடம், இரண்டாம் தவணைக்குப் பிந்தைய சில நாட்களில், அரிதாக நிகழ்கிறது என்பதும் அதே ஆய்வுகளிலிருந்து வந்ததுதான். 'நிகழ்கிறது' என்பதைக் கண்டுபிடித்த ஒப்பீடே 'அரிதாக' என்பதையும் கண்டுபிடித்தது. முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியைப் பொய் என்றால், முதல் பாதிக்கான சான்றையும் சேர்த்தே கைவிட நேரிடும்.

மூன்றாவதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு நிறுவனம் ஆறு பேருக்கு நேர்ந்த கேட்டைக் கண்டுபிடித்து, ஊசியை நிறுத்தி, உலகுக்கு அறிவித்தால், அந்த ஒரு கேட்டைத் தவிர இன்னொன்றையும் அது வெளிப்படுத்துகிறது: 68 லட்சத்தில் ஆறைக் கண்டறியும் கண் அதற்கு இருக்கிறது, கண்டதைச் சொல்லும் வழக்கமும் இருக்கிறது. அப்படியென்றால், அதே கண் பல ஆண்டுகள் பார்த்தும் தென்படாத ஒரு பெருங்கேடு மறைந்திருப்பதற்கான வாய்ப்பு, முன்பு நினைத்ததைவிடக் குறைந்திருக்க வேண்டும். ஒப்புதலை நம்புகிறவர், அதே காரணத்தால், 'தேடினோம், காணவில்லை' என்பதையும் முன்பைவிடச் சற்றுக் கூடுதலாக நம்பியாக வேண்டும். பாதி நம்பிக்கையோ நேரெதிராக நடந்துகொள்கிறது: ஒவ்வொரு ஒப்புதலையும், இன்னும் எவ்வளவோ மறைக்கப்படுகிறது என்பதற்கான சான்றாக மாற்றிவிடுகிறது. இந்த ஏற்பாட்டில் நிறுவனம் பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம். எதைக் கண்டால் தன் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்பதற்கு அந்த மனிதரிடம் விடையே இருக்காது.

மேலும், 'அரசு' என்ற ஒரே ஆள் எங்கும் இல்லை. 2021 அக்டோபரில் சுவீடனும் பின்லாந்தும், அதே இதயத் தசை அழற்சியைக் காரணம் காட்டி, எம்.ஆர்.என்.ஏ. வகையைச் சேர்ந்த மாடர்னா தடுப்பூசியை இளைஞர்களுக்குப் போடுவதை நிறுத்திவைத்தன, அமெரிக்கா தொடர்ந்தது. அதற்கும் முன்னதாக, 2009–10 பன்றிக் காய்ச்சல் பரவலில் பயன்பட்ட பாண்டெம்ரிக்ஸ் தடுப்பூசிக்கும், கட்டுப்படுத்த முடியாத உறக்கம் வரும் நார்கோலெப்சி நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி முதலில் எச்சரித்தவையும் இவ்விரு நாடுகளின் அரசு அமைப்புகளே. தனித்தனித் தரவும் தனித்தனி அரசியலும் கொண்ட பல அமைப்புகள் ஒரே முடிவுக்கு வரும்போது, அவை யாவும் கூடிப் பேசி மறைத்தன என்பதை நம்புவதற்கு நிறையச் சான்று வேண்டும்.

மறுபக்கத்தின் பாதி நம்பிக்கை

தடுப்பூசியை ஆதரிப்பவர்களிடமும் இந்தப் பழக்கம் உண்டு. 'பாதுகாப்பானது' என்ற அறிவிப்பை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்களில் சிலர், அதே நிறுவனம் இதயத் தசை அழற்சியைப் பற்றி எச்சரித்தால், அதை எடுத்துச் சொல்பவரைத் தடுப்பூசி எதிர்ப்பாளர் என்று முத்திரை குத்துகிறார்கள். அதிகாரிகளும் ஒருவகையில் இதற்கு வழிசெய்திருக்கிறார்கள். 'முற்றிலும் பாதுகாப்பானது' என்று அளவு சொல்லாமல் அறிவித்துவிட்டு, பின்னர் ஓர் அரிய கேட்டை ஒப்புக்கொள்ள நேரும்போது, முன்பு சொன்னது முழுவதும் பொய்போலத் தோன்றிவிடுகிறது. 1976-இல் அமெரிக்காவில் சுமார் நாலரைக் கோடிப் பேருக்குப் போடப்பட்ட பன்றிக் காய்ச்சல் தடுப்பூசி, ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கில்லன்-பாரே எனும் நரம்பு நோயைக் கூட்டியது. எதிர்பார்த்த கொள்ளைநோயோ வரவே இல்லை. நோயே பரவாதபோது அந்தச் சிறிய ஆபத்தை ஏற்கவும் காரணம் இல்லாமல் போனது. திட்டம் அந்த டிசம்பரில் நிறுத்தப்பட்டது. பாதுகாப்பு என்பது எப்போதும் நோயின் ஆபத்தோடு வைத்துப் பார்க்கப்படுவது. ஊசியை மட்டும் தனியாகப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

நிறுவனமே பேச்சை மாற்றினால்?

2025 நவம்பரில் பாதி நம்பிக்கையின் இரு வடிவங்களும் ஒரே நாளில் இடம் மாறின. தடுப்பூசிகள் ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த சி.டி.சி., அக்கூற்று சான்றின் அடிப்படையிலானது அல்ல என்று தன் இணையப் பக்கத்தை மாற்றி எழுதியது. அதுவரை சி.டி.சி.யை நம்பாதவர்கள் அதை மேற்கோள் காட்டத் தொடங்கினார்கள். நம்பிவந்தவர்கள் அதை நிராகரித்தார்கள். யார் சொன்னார்கள் என்பதை மட்டும் வைத்து முடிவெடுப்பவருக்கு இங்கே வழியில்லை.

எதன் அடிப்படையில் சொன்னார்கள் என்று பார்த்தால் வழி இருக்கிறது. தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்த பிரிட்டிஷ் கட்டுரை 1998-இல் வெளிவந்தது. அதில் இடம்பெற்ற குழந்தைகள் 12 பேர். ஒப்பீட்டுக் குழு கிடையாது. 2010-இல் அதை வெளியிட்ட 'லான்செட்' இதழே திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 1999 முதல் 2010 வரை பிறந்த 6,57,461 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டு, எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஆட்டிச வாய்ப்பு கூடவில்லை என்று கண்டது. அது சி.டி.சி.யின் சொல்லை நம்பி நிற்கும் முடிவு அல்ல. டென்மார்க் நாட்டின் பதிவேடுகளிலிருந்து எடுக்கப்பட்டது. இணையப் பக்கம் மாற்றப்பட்டபோது, இந்த ஒப்பீட்டைப் பொய்யாக்கும் புதிய பேராய்வு எதுவும் அதனுடன் முன்வைக்கப்படவில்லை.

ஆகவே 'அரசுத் தகவல்' என்ற பெயரில் ஒரு செய்தி கைக்கு வரும்போது, அது யாருக்குச் சாதகம் என்று பார்ப்பதற்கு முன், அது வெறும் அறிக்கைகளின் எண்ணிக்கையா அல்லது ஒப்பீடு செய்து கண்ட முடிவா என்று கேட்கலாம். எத்தனை பேரில் இந்த எண் வந்தது, ஊசி போடாதவர்களிடம் இது எவ்வளவு, வேறு நாட்டுத் தரவு என்ன சொல்கிறது என்று தொடரலாம். ஒரு கேள்வி மட்டும் தன்னை நோக்கியது: இதே அளவுச் சான்று என் கருத்துக்கு எதிராக வந்திருந்தால், அதை ஏற்றுக்கொண்டிருப்பேனா?